ஒரு துறைமுகமும் பல படங்களும்

கணனியில் விளையாட்டுச் செய்ய விழையும் இளைஞர் பலர் முதலில் எண்ணுவது விளையாட்டைப் பற்றியன்று. எல்லா விளையாட்டுக்கும் களம் வரைந்து தரவல்ல ஒரே கருவியைப் பற்றியே. யாமும் ஒருகால் அவ்வாறே எண்ணினோம். திருகோணமலைத் துறைமுகத்தை விளையாட்டுக் களமாக அமைக்கப் புகுந்து, களத்தை மறந்து, கருவி செய்வதிலேயே ஓராண்டைக் கழித்தோம். கருவி முற்றுப்பெறவில்லை. அதன் காரணத்தை எமக்குப்பின் வரும் மாணவர் அறிதல் நலமெனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

நம் துறைமுகத்துக்கே ஒரு படம் போதுவதில்லை. மாலுமியின் கடற்படத்தில் ஆழத்தைக் குறிக்கும் எண்கள் நிறைந்திருக்கும். அதிற் காணி எல்லைகளைத் தேடுவது வீண். நில அளவையாளர் படத்தில் எல்லைகள் உண்டு, ஆழம் இல்லை. விளையாட்டுப் படமும் இத்தகையதே. பார்ப்பவனுக்கு அது காட்சி; விளையாட்டை இயக்கும் நிரலுக்கோ அது சட்டம். எங்கே நடக்கலாம், எது தடுக்கும் என்பதை அதுவே விதிக்கின்றது. ஆறடி ஆழம் தோணிக்கு வழி, கப்பலுக்குச் சுவர்.

நகரத்துத் தெருக்களைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, தரைக்கு ஓடு பதிப்பதுபோல் நிரப்பிவிடலாம். தோர்பியோர்ன் லிண்டையர் என்பார் ஆக்கிய 'டைல்ட்' என்னும் இலவசக் கருவி இதனைச் செவ்வனே செய்கின்றது. அறுகோணக் கட்டங்களையும் அது ஏற்கும். ஆயின் சுவாமிமலையைக் கட்டத்தில் அடைப்பது எங்ஙனம்? கடலிலிருந்து ஏறத்தாழ 400 அடி எழும் அப்பாறை, மேலிருந்து நோக்கும் படத்தில் ஒரு கோடாகச் சுருங்கிவிடுகின்றது.

1993ஆம் ஆண்டில் வெளிவந்த 'டூம்' விளையாட்டு வேறொரு வழியைக் கைக்கொண்டது. மேலிருந்து பார்ப்பதுபோற் கோடுகளை வரைந்து, கோடுகள் சூழ்ந்த ஒவ்வொரு பகுதிக்கும் தரையின் உயரத்தையும் கூரையின் உயரத்தையும் எண்ணாகக் கொடுத்தனர். அக்காலத்துக் கணனிகளில் அது விரைந்து ஓடியதற்கு இச்சிக்கனமும் ஒரு காரணம். ஆனால் ஒரு பகுதிக்கு ஒரே தரைதான். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தை அம்முறையில் அமைக்க முயன்று தோற்றோம். மேலே பேருந்து செல்ல வேண்டும். கீழே தோணி செல்ல வேண்டும். ஓரிடத்துக்கு இரு தரை! குறை எம் கருவியில் இல்லை. அம்முறையின் இயல்பே அது.

1996இல் வந்த 'குவேக்' முப்பரிமாணக் கட்டிகளை அடுக்கி அக்குறையைத் தீர்த்தது. அங்கே பாலம் அமையும். ஆயின் வரைந்தவுடன் விளையாட இயலாது. எங்கிருந்து எது தெரியும், ஒளி எங்கே விழும் என்பனவற்றை முன்னரே கணித்து வைத்தல் வேண்டும். சுவர்கள் மறைக்கும் அறைகளுக்கு இது மிகப் பொருந்தும். மறைப்பே இல்லாத கொட்டியாரக் குடாவில் அக்கணக்கினாற் பெறும் பயன் சிறிது.

யாம் செய்த பிழை, மூன்று முறைகளையும் ஒரே கருவியில் ஏற்றியமை. செய்ததை அழித்து முன்னைய நிலைக்கு மீளும் வசதி ஒன்றனையே மூன்று விதமாக எழுத நேர்ந்தது. மூன்றுக்கும் பொதுவான கோப்பொன்றை வகுக்க முனைந்தபோது, பொருளின் பெயரும் இடமுமே பொதுவாக எஞ்சின. அவ்வளவுக்கு ஒரு தாளும் பென்சிலும் போதுமே!

'டூம்' வெளிவந்தபோது அதன் ஆக்கியோர் தம் கருவியைப் பொதுமக்களுக்கு வழங்கவில்லை. ஆர்வலர் கோப்பின் அமைப்பைத் தாமே ஆராய்ந்தறிந்து, 1994இல் கருவி செய்து பரப்பினர். அவர்கள் நோக்கியது அந்த ஒரு விளையாட்டையே, ஆதலால் முடித்தனர். 'டைல்ட்' கருவியின் நுட்பமும் இவ்வடக்கத்திலேயே உள்ளது. 'ஆழம்' என்று ஒரு பண்பைப் பொருளோடு இணைத்து மதிப்பிட அது இடந்தரும். அதன் பொருள் யாதென்பதை விளையாட்டுக்கே விட்டுவிடும்.

பாலம் வருமுன் கிண்ணியாவுக்குப் படகுப்பாதையில் கடந்தோர் இன்னும் நம்மிடையே உளர். அப்பயணத்தை விளையாட்டாக்கக் கட்டப்படமே போதும். எம் பழைய முயற்சியில் தெருக்களும் கரையோரமும் அமைந்த கட்டங்கள் பழுதின்றி உள்ளன. வேண்டும் மாணவர்க்கு மகிழ்வுடன் வழங்குவோம். பாலம் மட்டும் அவற்றில் இல்லை.