பிஸ்கெட்டில் முடியும் வளர்ச்சி

நாட்டில் பணம் புழங்கினால் பிள்ளைகளின் உடம்பு தானாகத் தேறிவிடும் என்பது நம் பொருளாதாரப் பேச்சில் ஊறிப்போன நம்பிக்கை. ஆய்வுக் கணக்குகள் அதற்குத் துணை நிற்கவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 58.6 சதவீதம். 2019-21இல் அது 67.1. தமிழ்நாட்டிலும் 50.7 இருந்தது 57.4 ஆயிற்று. எல்லாவற்றுக்கும் வறுமையைக் கைகாட்டவும் முடியாது. வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் அடிமட்ட ஏழைக் குடும்பங்களில் 46 சதவீதம் என்றால், நாட்டிலேயே மிக வசதியான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களிலும் 23 சதவீதம்.

நம்மைவிடச் சிறிய பொருளாதாரமான நேபாளத்தில் 2001இல் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். 2022இல் அது 25 சதவீதம். வங்கதேசத்திலும் 2004இல் 51 சதவீதமாக இருந்தது 24 ஆகக் குறைந்தது. வருமானம் கூடினால்தான் கழிப்பறையும் தடுப்பூசியும் தாயின் படிப்பும் வரும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த வருமானம் குழந்தையின் வாய்க்குள் என்னவாகப் போகிறது என்பதுதான் என் கவலை.

அதே நேபாளத்தின் காத்மாண்டு பள்ளத்தாக்கில், ஒரு வயது முடிந்து இரண்டை எட்டாத குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். உடலுக்குக் கிடைத்த ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்கு பிஸ்கெட், மிட்டாய், நொறுக்குத்தீனி, இனிப்புப் பானங்களிலிருந்து வந்தது. இவற்றை அதிகமாகத் தின்ற பிள்ளைகள் உயரத்திலும் பின்தங்கியிருந்தார்கள். ஒரு வயதுப் பிள்ளையின் வயிறு எவ்வளவு கொள்ளும்? பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அதற்குமேல் பருப்பு, கீரை, முட்டை, மீன் போக வேண்டிய இடத்தை மைதாவும் சர்க்கரையும் பிடித்துக்கொண்டால், பிள்ளைக்குப் பசி மட்டும்தான் அடங்கும். இந்தியாவில் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் போதுமான உணவு பெற்ற குழந்தைகள் 2019-21இல் வெறும் 11.3 சதவீதம்தான்.

கெடுதல் என்று தெரிந்து எந்த வீட்டிலும் கொடுப்பதில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு பிஸ்கெட்டைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவது நம் பாட்டிமாரும் செய்ததுதான். இன்று அது காய்ச்சல் நாளோடு நிற்பதில்லை. பெட்டிக்கடை வாசலில் சரம்சரமாகத் தொங்குகிறது. அம்மா வேலைக்குப் போன வீட்டில் அழும் பிள்ளையை அமர்த்த ஐந்து ரூபாய் போதும். ஒரு முட்டை அதைவிட விலை அதிகம்.

இந்தோனேசியாவில் பிஸ்கெட்டின் இந்த வேலையைச் செய்தது டின்னில் வரும் கண்டென்ஸ்டு மில்க். ஏறக்குறைய பாதி சர்க்கரையாக உள்ள அதைப் பால் என்றே நம்பிக் கைக்குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுத்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதன் லேபிளிலோ விளம்பரத்திலோ காட்டக் கூடாது என்று 2018இல் அங்கே சுற்றறிக்கை வந்தது. அந்த ஆண்டு அந்நாட்டில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 30.8 சதவீதம், 2023இல் 21.5. அந்தச் சுற்றறிக்கையால் மட்டும் இது நடந்துவிடவில்லை. ஆனாலும் அரசு கடைப் பொருளைப் பார்த்து 'இது பிள்ளைக்கு ஆகாது' என்று சொல்லத் துணிந்தது.

இங்கே 1992ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாவையும் இணையுணவையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. பிஸ்கெட்டும் சிப்ஸும் எல்லோருக்குமான தின்பண்டம் என்ற பெயரில் அதற்குள் சிக்காமல் நழுவிவிடுகின்றன. கைக்குழந்தையைக் காட்டி எந்தத் தின்பண்டத்தையும் விற்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். தேசிய விதிப்படி அங்கன்வாடியில் சூடான சாப்பாடு மூன்று வயதுக்குமேல்தான். அதற்கு முன்பு வீட்டுக்குக் கொடுத்துவிடுவது சத்துமாவு. அந்த மாவோடு, இரண்டு வயது நிறையாத ஒவ்வொரு பிள்ளைக்கும் முட்டையும் வீடு போய்ச் சேர வேண்டும்.