பனிப்பலகையில் கால் பிடிக்கிறதா?

ஆண்டிறுதி விடுமுறையில் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஜப்பானின் ஹொக்கைடோவுக்குச் சென்று, முதன்முறையாக ஸ்னோபோர்டில் ஏறும் பெண்கள் உண்டு. பலகையின் நிறத்தைப் பார்த்து எடுப்பவர்கள் பாதத்தைப் பலகையோடு பிணைக்கும் 'பைண்டிங்'கைக் கவனிப்பதில்லை. பலகை நம் சொல் கேட்பது அதன் வழியாகத்தான்.

பைண்டிங்கில் ஓர் அடித்தட்டு, கணுக்காலிலும் விரல்களின் மேலும் இரண்டு பட்டைகள், பின்னால் நிமிர்ந்து நிற்கும் முதுகுத்தகடு ஆகியவை இருக்கும். வேகத்தைக் குறைக்கக் குதிகால் பக்கம் சாயும்போது கால் இத்தகட்டை அழுத்துகிறது. தகடு நெம்புகோலாகி, பலகையின் பின்விளிம்பைப் பனியில் பதிக்கிறது.

பொதுவாகப் பெண்களுக்குக் கெண்டைச்சதை ஆண்களைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். உயரமான தகடு அதில் குத்தி வலிக்கும். அதனால் பெண்களுக்கான தகடு குட்டையாகவோ மேல்விளிம்பு வெளிப்புறம் வளைந்தோ இருக்கும். உடல் எடை குறைந்தவர்களால் விறைப்பான பைண்டிங்கை வளைப்பது கடினம். விறைப்பை 1 முதல் 10 வரை குறிக்கிறார்கள். புதியவர்களுக்கு 2 முதல் 4 வரை போதும்.

அளவும் முக்கியம். சன்வே பிரமிட் பனிச்சறுக்குத் தளத்தில் தொளதொளத்த காலணியோடு தடுமாறியவர்களுக்கு இது புரியும். கால் அசைந்த பிறகே பலகை அசையும். அந்தத் தாமதத்தில் விழுந்துவிடுவோம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் மலேசியப் பெண் அருவின் சலேஹுடினின் விளையாட்டு ஸ்கீ. பலமாக விழுந்தால் கழன்றுகொள்ளும்படி ஸ்கீ பைண்டிங் அமைக்கப்படுகிறது. ஸ்னோபோர்டில் அப்படியில்லை, இரு கால்களும் பூட்டியே இருப்பதால் கையை ஊன்றி விழுவோம். புதியவர்களுக்கு மணிக்கட்டு முறிவு அதிகம் ஏற்படுவது இதனால்தான்.

புறப்படுமுன் வீட்டிலேயே சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஜப்பானில் காலணி அளவு அதில்தான். கடையில் முதலில் காலணியை அணிந்து, அதற்கேற்ற பைண்டிங்கைக் கேளுங்கள். பட்டையை இறுக்கியபின் குதிகாலைத் தூக்கிப் பாருங்கள், எழக்கூடாது. முழங்காலை மடக்கிப் பாருங்கள். தகடு சதையில் குத்தக்கூடாது. இரு பாதங்களுக்கும் இடையே ஏறத்தாழத் தோள் அகலம் இருக்கட்டும்.

பெரிய பாதமுள்ள பெண்ணுக்கு ஆண்களுக்கான பைண்டிங்கே பொருந்தலாம். அதை எடுக்கத் தயங்க வேண்டாம். 'லேடீஸ்' என்ற முத்திரையைவிட உங்கள் காலின் அளவே சரியான வழிகாட்டி.