உறைந்து நிற்கும் கணிப்பொறி

வேகம் கூடட்டும் என்று கணிப்பொறியில் 'ரேம்' எனப்படும் நினைவகப் பலகை ஒன்றைப் புதிதாகச் செருகுகிறீர்கள். பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது; பிறகு திரை அசைவற்று நின்றுவிடுகிறது. பழுது எங்கே?

நினைவகத்தில் ஒவ்வொரு 'பிட்' செய்தியும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாகத் தங்குகிறது. ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஓட்டைக் குடத்து நீரைப்போல மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே, வழக்கமாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்து மறுபடி நிரப்ப வேண்டும். கால அளவுகள் வேறான இரு பலகைகள் ஒன்றோடொன்று இணங்காவிட்டாலோ, முனைகள் சரியாகத் தொடாவிட்டாலோ, 1 என்பது 0 ஆகிவிடலாம். கட்டளையே பிழையானால் கணிப்பொறி திகைத்து நிற்கும்.

இதைவிடத் தீயது ஒன்றுண்டு: பிழையான எண் உங்கள் கோப்பிலும் பதிந்துவிடலாம். ஆகவே முதலில் புதிய பலகையைக் கழற்றிவிட்டுக் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள்.

பிறகு, ஆய்வுக்கூட விதிப்படி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மின் இணைப்பைத் துண்டித்து, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டபின் பலகையைத் தொடுங்கள். புதியதை மட்டும் பொருத்தி, நினைவகச் சோதனை நிரலை இரவு முழுதும் ஓட்டுங்கள். பிழை வந்தால் செருகும் இடத்தை மாற்றிப் பாருங்கள். பிழை பலகையோடு வந்தால் பலகை பழுது. பழைய பலகைக்கும் அதே இடத்தில் பிழை வந்தால் தாய்ப்பலகையை ஐயுறலாம். தனித்தனியே ஓடி, சேர்ந்தால் மட்டும் நின்றால் பொருத்தமின்மையே காரணம். எங்கும் பிழை இல்லையா? நினைவகத்தை விட்டு, வெப்பத்தையும் மின்வழங்கியையும் சோதியுங்கள்.

இரண்டை ஒன்றாக மாற்றினால் கணிப்பொறி ஓடக்கூடும். காரணம் மட்டும் தெரியாது.