இடைத்தரகர் கைக்குப் போகும் "தில்லி ஹாட்'

புதுதில்லி: நெசவாளர்களும் கைவினைஞர்களும் இடைத்தரகரின்றித் தங்கள் பொருள்களை நேரடியாக விற்பதற்காக 1994-ல் தொடங்கப்பட்டது, ஐ.என்.ஏ. பகுதியில் உள்ள "தில்லி ஹாட்' திறந்தவெளிச் சந்தை. யாரும் நிலையாகக் கடை பிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே, 15 நாள்களுக்கு ஒருமுறை கடைகளை மாற்றி ஒதுக்கும் முறையும் வகுக்கப்பட்டது.

அந்த நோக்கம் இன்று சிதைந்து வருகிறது. கடை கைவினைஞரின் பெயரில், கல்லாவில் இருப்பதோ வியாபாரி என்பது பல ஆண்டுகாலப் புகார். இச்சந்தை உருவாகக் காரணமாக இருந்த ஜெயா ஜேட்லியே இதை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியுள்ளார்.

கையால் நெய்த சால்வைக்கு அருகிலேயே விசைத்தறிச் சால்வையும், கையால் தீட்டிய மதுபனி ஓவியத்துக்கு அருகிலேயே அச்சுப் பிரதியும் மலிவாக விற்கப்பட்டால், பல நாள் உழைப்புக்கு உரிய விலை கேட்பவர் பேராசைக்காரராகத் தெரிவார். வேறுபாடு அறியாத வாடிக்கையாளர் மலிவானதை வாங்குகிறார்; அறிந்தவரோ சந்தைக்கு வருவதையே தவிர்க்கிறார். இரு வகையிலும் நஷ்டம் கைவினைஞருக்கே.

கைத்தறித் துணியை அடையாளம் காட்டும் கைத்தறி முத்திரையை மத்திய அரசு 2006-ல் அறிமுகப்படுத்தியது. அரசின் சந்தையிலேனும் அதைக் கட்டாயமாக்கலாம். அடையாள அட்டையைச் சரிபார்த்தால் மட்டும் போதாது. கடையில் அமர்ந்திருப்பது யார், விற்கப்படுவது எது என்பதையும் கண்காணிக்க வேண்டும். இல்லையேல், இடைத்தரகரை ஒழிக்க அரசு கட்டிய சந்தை அவருக்கே சொந்தமாகிவிடும்.