கேளாச் செவியும் கிளார்க்கின் ஆராய்ச்சியும்

ஐம்பொறிகளுள் கல்விக்கு வாயிலாவது செவி. வள்ளுவரும் கேள்விக்கெனத் தனியதிகாரம் வகுத்தனர். ஆயினும் கண்ணிழந்தோர்க்கு இரங்கும் உலகம் செவியிழந்தோர்க்கு அத்துணை இரங்குவதில்லை. பலவேளை நகைக்கவுஞ் செய்கின்றது. கண்ணின் குறை காண்போர்க்குப் புலனாவது, செவியின் குறை புலனாகாதது என்பதே காரணம் போலும்.

1924 ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. அப்பாதை செல்லும் அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரைப் பகுதிகளிலும் அப்பாலுள்ள நமுனுகுலைச் சாரலிலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. ஆண்டுச் செவிக்கு ஊறு நேரும் வழிகளுள் ஒன்று, தோட்டத்தார் 'ஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை வாட்டும் விசிறிகளும், உருட்டும் பொறிகளும், சலிக்கும் பொறிகளும் ஒரே கூரையின்கீழ் இயங்குவன. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நாடோறும் எட்டு மணிநேரம் பல்லாண்டு உழைப்போர்க்குச் செவிப்புலன் குன்றும். முதலிற் கெடுவது செக்கனுக்கு 4000 அதிர்வுகளை அண்டிய உயர்ந்த ஓசை. தாழ்ந்த ஓசைகள் அப்பொழுதுங் கேட்குமாதலின் தொழிலாளி தன் குறையை உணரான். பிறர் வாய்க்குள் முணுமுணுக்கின்றனர் என்றே குறைகூறுவான்.

சிறார்க்கு வரும் காதுச் சீழ் மற்றொன்று. தடிமனுந் தொண்டை நோயும் மூக்கின் பின்னுள்ள குழாய்வழியே நடுச்செவியை அடைந்து செவிப்பறையைத் துளைக்கின்றன. நெருக்கமான லயங்களில் இந்நோய் எளிதிற் பரவும். எண்ணெயும் பச்சிலைச் சாறும் காதில் வார்த்தல் தீது. செவியை உலர வைத்து உரிய மருந்திடின் பெரும்பாலுங் குணமாகும்.

இவற்றின் வேறானது பிறவிச் செவிடு. உட்செவியின் நத்தைச்சுருளில் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் உள. ஓசையின் அதிர்வை மின்கணத்தாக்கமாக மாற்றி நரம்புக்கு ஈவன அவையே. மாந்தரிடத்து அவை அழிந்தால் மீள முளைப்பதில்லை. ஒலிபெருக்குங் கருவியும் அங்குப் பயன்படாது. மயிர்க்கலங்களை விலக்கி நரம்பையே நேராகத் தூண்டலாகாதா என்னும் வினாவிற்கு விடைகண்டவருள் ஒருவர் அவுஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க்.

1935 இற் பிறந்த அவர்தம் தந்தையார் செவிப்புலன் குன்றிய மருந்து வணிகர். கடைக்கு வந்தோர் அந்தரங்கமாகக் கேட்கவேண்டியவற்றையும் உரக்கக் கூற நேர்ந்தமையை மைந்தர் சிறுவயதிலேயே கண்டார். 1970 இல் மெல்பேண் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். மெல்லிய மின்வாய்க் கம்பியைச் சுருளினுள் ஊறுபடாமற் செலுத்தும் வகையறியாது பன்னாள் இடர்ப்பட்டார். 1977 இற் கடற்கரையொன்றில் சங்குபோன்ற சிப்பியினுட் புல்லிதழைச் செலுத்திப் பார்த்தார். அடி விறைத்தும் நுனி துவண்டும் இருந்த புல், சுருளின் வழியே இனிது சென்றது. கம்பியையும் அவ்வாறே அமைத்தார். 1978 ஆகஸ்டு 1 இல், விபத்தினாற் செவியிழந்த றொட் சாண்டர்ஸ் என்பார்க்குக் கருவி பொருத்தப்பெற்றது. பின்னர்ச் சோதனையின்போது நாட்டுப்பண் ஒலிக்கக் கேட்டு அவர் எழுந்து நின்றனராம். 2013 இல் இன்கெபோர்க் ஹொக்மயர், பிளேக் வில்சன் என்போருடன் கிளார்க்கும் லாஸ்கர் பரிசு பெற்றார்.

சென்னையில் மருத்துவர் மோகன் காமேஸ்வரன் இச்சிகிச்சையைப் பரப்பியவருள் முதன்மையானவர். 2006 இற் பத்மஸ்ரீ விருது பெற்றவர். தமிழ்நாட்டு அரசின் காப்புறுதித் திட்டத்தால் வறியோர் பிள்ளைகளும் இதனைப் பெறுகின்றனர்.

எனினும் கருவியைப் பொருத்துதல் பாதியே. அது தரும் ஓசை இயற்கை ஓசையன்று. மூளை அதனைப் பொருளாகக் கொள்ளப் பல்லாண்டுப் பேச்சுப் பயிற்சி வேண்டும். மொழி வேரூன்றும் முதல் மூன்றாண்டு வீணாயின் பின்னர்ப் பெறும் பயன் மிகக் குறையும். தோட்டத்துத் தாய் காலையிலே மலைக்குக் கொழுந்தெடுக்கச் செல்வாள். மகவு பிள்ளைக் காம்பராவில் இருக்கும். அம்மகவோடு இடையறாது பேசுவார் யார்? இலட்சக்கணக்கிற் பொருள் செலவிட்டும் இவ்வினா எஞ்சிநிற்கின்றது. கருவி கிட்டாதார்க்குச் செய்கைமொழிக் கல்வி உண்டு. ஆனால் 1912 இல் இரத்மலானையிலும் 1956 இற் கைதடியிலும் எழுந்த பாடசாலைகள் பதுளைக்கு அண்மையிலுள்ளன அல்ல.

செலவின்றிச் செய்தற்குரியதும் ஒன்றுண்டு. ஆறு திங்கள் நிரம்பிய குழவி பின்னிருந்து எழும் ஓசைக்குத் தலைதிருப்புதல் இயல்பு. திரும்பாத குழவியைப் பிள்ளைக் காம்பராவிற் பார்ப்பவளோ மருத்துவமாதோ இனங்கண்டு, ஒரு வயதாகுமுன் பதுளை வைத்தியசாலைக்கு அனுப்பலாம்.