மீட்டெடுத்தலின் அரசியல்: ஒரு பழைய கணிப்பொறிப் பெட்டியை முன்வைத்து

பிள்ளைச்சாவடியில் தோழர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் மூன்று மாதங்களாக ஒரு கணிப்பொறிப் பெட்டி கிடக்கிறது. உள்ளே இருந்த கருவிகள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. மிஞ்சியிருப்பது அவற்றைச் சுமந்த தகரக் கூடும் பிளாஸ்டிக் முகப்பும் மட்டும்தான். கடைக்காரர்கள் இதைக் கேபினெட் என்பார்கள். ஊரில் பாதிப் பேர் 'சி.பி.யூ' என்பார்கள். மூளையின் பெயரை மண்டையோட்டுக்குச் சூட்டிய இந்தப் பிழை எனக்குப் பிடித்தமானது. கூடு முக்கியமில்லை, உள்ளடக்கமே முக்கியம் என்று உருவம்–உள்ளடக்கம் பற்றி நாம் போட்ட சண்டைகளையெல்லாம் ஊர் மக்கள் ஒரே சொல்லில் கடந்து போய்விட்டார்கள்.

தோழரின் தம்பி, இருபத்தி மூன்று வயது, டிப்ளமோ படித்தவன். ஒரு கல்வி நிறுவனம் கண்டம் செய்து ஏலம் விட்ட சாமான்களில் ஒன்றாக, காயலான் கடை வழியே, எடைக்கு இதை வாங்கி வந்திருக்கிறான். இதற்குள் பழைய பென்டியம் ஒன்றைப் பொருத்தி 'டேவ்', 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', 'டூம்' மாதிரியான விளையாட்டுக்களை ஆட வேண்டுமாம். 1989இல் பெர்சியா வந்தது, 1993இல் டூம் வந்தது. அவன் பிறப்பதற்கு ரொம்ப முன்னால். தான் வாழாத ஒரு காலத்துக்காக ஒருவன் ஏன் ஏங்குகிறான் என்று பார்க்கப் போனவன்தான் நான். போன இடத்தில் கையில் உப்புத்தாளைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லிவிட்டான்.

பெட்டியின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். முகப்பு பிளாஸ்டிக், சந்தன வெளுப்பில் இருந்திருக்க வேண்டியது, வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தது. பக்கத் தகட்டின் கீழ்விளிம்பு முழுக்கத் துரு. வலப்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் கையால் எழுதிய இருப்பு எண். முகப்பைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் இரண்டு முறிந்திருந்தன. பின்பக்கம் ஒட்டியிருந்த தாளில் பாதியைத் துரு தின்றுவிட, மிச்சமிருந்தது இவ்வளவுதான்: '...பேட், பாண்டிச்சேரி'.

மஞ்சளிலிருந்து தொடங்குவோம். அந்தக் காலத்துப் பெட்டிகளின் முகப்பு ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக்கால் ஆனது. அதிலுள்ள ரப்பர் கூறு வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் பட்டு மெல்ல மாறுகிறது. சீக்கிரம் தீப்பற்றாதிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களுக்கும் இதில் பங்குண்டு என்பார்கள். ஒரே பெட்டியில் ஒரு துண்டு மஞ்சளாகிப் பக்கத்துத் துண்டு வெளுப்பாகவே இருப்பது, வார்த்த கலவை ஒன்றுபோல் இல்லாததால்தான். 2008 வாக்கில் பழைய கணிப்பொறிகளைச் சேகரிக்கும் ஐரோப்பிய ஆர்வலர்கள் இதற்கொரு மருந்து கண்டார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைத்தால் மஞ்சள் இறங்குகிறது. 'ரெட்ரோபிரைட்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். நம்மூரில் மருந்துக் கடையில் கிடைப்பது '20 வால்யூம்', அதாவது 6 சதவீதம். அழகு நிலையங்களில் தலைமுடியை வெளுக்க வைத்திருக்கும் 40 வால்யூம் கிரீம் 12 சதவீதம். கிரீம் வழியாமல் ஒட்டி நிற்கும் என்பதால் பலரும் இதைத்தான் எடுக்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு, தூரிகையால் சீராகத் தடவி, காய்ந்துவிடாமல் மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை சுற்றி, அவ்வப்போது திருப்பிவிட்டுச் சில மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும். எங்கே கிரீம் காய்கிறதோ அங்கே வெள்ளைத் திட்டு விழும். அதை எடுக்கவே முடியாது. தம்பி முதல் முறை மதியம் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். பாண்டி வெயிலைப் பற்றி ஐரோப்பியர்களுக்கு என்ன தெரியும்? திரும்பி வந்து பார்த்தால் முகப்பில் தேமல் படர்ந்திருந்தது.

இந்த வெளுப்பு நிலைப்பதும் இல்லை. சில வருடங்களில், இருட்டில் வைத்தாலும்கூட, மஞ்சள் திரும்பிவிடுவதாகச் செய்து பார்த்தவர்கள் எழுதுகிறார்கள். வேதிமாற்றம் பிளாஸ்டிக்கின் உடம்புக்குள் நடந்துவிட்டது. நாம் தோலை மட்டும் வெளுக்கிறோம்.

இங்கேதான் எனக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் வந்தது. "ஒரிஜினல் கலருக்குக் கொண்டாரணும் தோழர்" என்றான். எது ஒரிஜினல்? தொழிற்சாலையிலிருந்து அட்டைப்பெட்டியில் வெளிவந்த அந்த முதல் நாளா? 1849இல் ரஸ்கின் பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதைப் பொய் என்றே சாடினார். காலம் அந்தக் கல்லில் செய்ததை அழித்துவிட்டு, ஒருபோதும் இல்லாத ஒரு பழமையை உண்டாக்குகிறோம் என்பது அவர் கட்சி. ஸ்வெத்லானா பாய்ம் 2001இல் எழுதிய நூலில் கடந்தகால ஏக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, போனதை அப்படியே மறுபடி கட்டத் துடிப்பது. அது தன்னை ஏக்கம் என்று ஒத்துக்கொள்ளாது, உண்மை என்றும் மரபு என்றும் சொல்லிக்கொள்ளும். மற்றது, இழப்பின் மீதே தங்கி அதை யோசித்துப் பார்ப்பது. ரஷ்யாவையும் கிழக்கு ஐரோப்பாவையும் வைத்து அவர் சொன்னதை நாம் பாண்டிக்குள்ளேயே சரிபார்க்கலாம். பிரெஞ்சுப் பகுதியில் வீடுகளைப் புதுப்பித்து மஞ்சள் பூசி ஒரு காலத்தை மீட்டதாகச் சொல்கிறார்கள். படம் பிடித்துக்கொள்ள வெள்ளிக்கிழமை மாலையே கூட்டம் வந்துவிடுகிறது. அந்தச் சுவருக்குள் தண்ணீர் சுமந்தவர்களின் காலம் எந்த நிறத்தில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே மஞ்சளைப் பூசி மீட்கிறார்கள், இங்கே மஞ்சளை அழித்து மீட்கிறோம். வேலை ஒன்றுதான்.

தம்பி இதற்கெல்லாம் மசியவில்லை. அவனை நிறுத்தியது அந்தக் கிழிந்த தாள்தான்.

'...பேட்' என்றால் சேதராப்பட்டாகத்தான் இருக்க வேண்டும். வில்லியனூர் கொம்யூனில், பிள்ளைச்சாவடியிலிருந்து மேற்கே அதிகத் தூரமில்லை. கணிப்பொறி என்றாலே அமெரிக்காவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் இந்தியாவில் விற்ற கணிப்பொறிகளில் கணிசமானவை புதுச்சேரியில் கோக்கப்பட்டவை. எச்.சி.எல். நிறுவனத்தின் ஆலை சேதராப்பட்டில் இருந்தது. ஐ.பி.எம். இங்கே வைத்திருந்த ஆலை, 2005இல் அதன் கணிப்பொறிப் பிரிவை லெனோவோ வாங்கியபோது கைமாறியது. இந்த மண்ணின் மீது முதலாளிகளுக்குத் தனிப் பாசம் ஏதுமில்லை. யூனியன் பிரதேசம் கொடுத்த விற்பனை வரிச் சலுகைதான் காரணம். 2013இல் எச்.சி.எல். கணிப்பொறி உற்பத்தியிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபிறகு மாநிலத்துக்கு மாநிலம் வரியைக் காட்டி ஆலையை இழுக்கிற வழியும் அடைபட்டது. திருகாணி முடுக்கிய கைகளுக்கு அதற்குப் பிறகு என்ன வேலை கிடைத்தது என்பதை எந்த ரெட்ரோ சொல்லாடலும் பேசுவதில்லை. அந்த உலகத்தில் கணிப்பொறிக்கு வடிவமைத்தவர் உண்டு, விளையாடியவர் உண்டு, சேகரிப்பவர் உண்டு. கோத்தவர் கிடையாது.

அன்றைக்குத் தம்பியின் அம்மா திண்ணைப் பக்கம் வந்தார். தாளில் உள்ளதை வாசித்துக் காட்டினோம். "நம்ம சேதராப்பட்டா? அப்ப இது எங்கயும் போய்ட்டு வரல, சுத்திச் சுத்தி இங்கயேதான் இருந்திருக்குது" என்றார். சேதராப்பட்டில் பிறந்து, பக்கத்திலேயே ஒரு நிறுவனத்தின் மேசையில் உழைத்து, காயலான் கடைக்குப் போய், மீனவர் வீட்டுத் திண்ணைக்கு வந்த பெட்டி.

பிள்ளைச்சாவடி என்கிற இடத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறியியல் கல்லூரி இருக்கிற ஊர் இது. 2020இல் அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அதே ஊரின் கிழக்கு ஓரத்தைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல்கரைகள் நீட்டியபோது தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. வடக்கேயுள்ள குப்பங்கள் மணலை இழந்தன, பிறகு வீடுகளை இழந்தன. மீட்டெடுத்தல் என்று பேசினால் இங்கே முதலில் மீட்க வேண்டியது கடற்கரையைத்தான். பெட்டி அப்புறம். இதைத் தம்பியே சொன்னான், நான் சொல்லவில்லை.

இந்த உப்புக் காற்றில் இரும்பைக் காப்பாற்றுவது தனிக் கலை. பெட்டியின் தகடு துத்தநாகம் பூசிய எஃகு. பூச்சு இருக்கும்வரை பயமில்லை. வெட்டிய விளிம்பிலும் திருகாணித் துளையிலும் பூச்சு கிடையாது என்பதால் துரு அங்கேதான் குடியேறும். எலுமிச்சையோ புளியோ வினிகரோ எந்த அமிலமும் துருவைக் கரைக்கும். ஆனால் துத்தநாகத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஆகவே தகட்டை முழுதாக ஊற வைக்கக் கூடாது. துருப்பிடித்த இடத்தில் மட்டும் புளிக்கரைசலில் நனைத்த துணியைப் போட்டு வைத்து, பிறகு உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும். நாளைக்குப் பூசலாம் என்று விட்டால் இங்கே சாயங்காலத்துக்குள்ளேயே செந்நிறம் பூத்துவிடும். அன்றைக்கே பிரைமர் அடித்தாக வேண்டும். ரெட் ஆக்சைடு பிரைமரின் சிவப்பு இரும்பு ஆக்சைடுதான், அதாவது துருவின் நெருங்கிய சொந்தம். துருவைத் தடுக்கத் துருவின் உறவுக்காரனையே காவல் வைக்கிறோம்.

பெயின்ட் அடிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. மதர்போர்டைத் தாங்கும் இடங்களிலும், மின்வழங்கிப் பெட்டி தொடும் இடத்திலும், தகடுகள் ஒன்றோடொன்று சேரும் விளிம்பிலும் வண்ணம் படக்கூடாது. தகடு தகட்டைத் தொட்டால்தான் எர்த் கிடைக்கும்.

முறிந்த கொக்கிகளுக்குத்தான் வழி தெரியாமல் இருந்தோம். சூப்பர் குளூ இரண்டு முறை ஒட்டி இரண்டு முறையும் விட்டுவிட்டது. தெருவில் பைபர் போட்டுக்கு ஓட்டை அடைக்கிற சித்தப்பா ஒருவர் எட்டிப் பார்த்து, "இத்த ஏன்டா கோந்து போட்டு ஒட்டிக்கினு இருக்கிற" என்றார். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் பைபர் படகுகள் பெருகின. அவற்றைச் செப்பனிடும் கைவேலையும் கூடவே வளர்ந்தது. உடைந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, உட்பக்கமாகக் கண்ணாடி இழைத் துண்டை வைத்து, ரெசினில் ஹார்டனர் கலந்து தடவினார். ரெசினிலுள்ள ஸ்டைரீன் ஏபிஎஸ்ஸைக் கொஞ்சம் இளக்கும் என்பதால் அது கவ்விப் பிடிக்கிறது. அரை மணி நேர வேலை. முகப்பு இப்போது அசைவதில்லை. உட்பக்கம் பார்த்தால் படகின் அடிவயிறு மாதிரி இருக்கும். பழைமை மாறாத மீட்பை விரும்புகிற சேகரிப்பாளர் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். என் கணக்கில் இந்தப் பெட்டியிலேயே உண்மையான பகுதி அதுதான்.

உள் அமைப்புக்கு வருவோம். 1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவீட்டைக் கொண்டுவருவதற்கு முந்தைய வகை இது. 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி.யின் வழிவந்தது. இன்றைய பொத்தான் மதர்போர்டுக்குச் சைகை மட்டும் அனுப்புகிறது. இதிலோ முகப்புப் பொத்தான் வரைக்கும் 230 வோல்ட் நேராக வருகிறது, நான்கு ஒயர்களில். புதுப்பிக்கிறேன் என்று இறங்குகிறவர்கள் அதன் முனைகளுக்கு உறை போடாமல் பெட்டியை மூடக்கூடாது. உயிர் போகும் விஷயம். மதர்போர்டுக்குப் போகும் இரண்டு மின் இணைப்புகளையும் கறுப்பு ஒயர்கள் நடுவில் அடுத்தடுத்து வரும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போயிற்று.

முகப்பில் 'டர்போ' என்றொரு பொத்தான். அழுத்தினால் வேகம் கூடும் என்று பெயர் சொல்கிறது. அதன் தேவையோ வேகத்தைக் குறைப்பது. சில்லின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதிய பழைய விளையாட்டுக்கள் புதிய இயந்திரத்தில் தறிகெட்டு ஓடியதால் அதை மட்டுப்படுத்த ஒரு வழி தேவைப்பட்டது. பக்கத்தில் பச்சை எழுத்தில் 66 என்று காட்டும் சின்னத் திரை. இது எதையும் அளப்பதில்லை. பின்னாலுள்ள சின்ன ஊசிகளில் ஜம்பர்களை மாற்றிச் செருகி எந்த எண்ணை வேண்டுமானாலும் ஒளிரவிடலாம். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உறவு தன்னிச்சையானது என்று வகுப்பெடுக்க நாங்கள் எவ்வளவு பாடுபட்டிருப்போம்! பெட்டி விற்றவனுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

தம்பிக்கு டூம் பற்றிய நினைவு கிடையாது என்றேன். இந்தக் கரையில் அவனுக்கு மூத்தவர்களுக்கும் பெரும்பாலும் கிடையாது. 1990களில் வீட்டில் கணிப்பொறி வைத்திருந்தவர்கள் யார், எந்தத் தெருக்காரர்கள் என்று நமக்குத் தெரியும். மற்றவர்களுக்கு மிஞ்சியது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த டிவி கேமும், பிறகு வந்த பிரௌசிங் சென்டரும்தான். ஆக, மேல்தட்டின் பால்யம் எல்லோருடைய பால்யமாகவும் விற்பனைக்கு வருகிறது என்று எழுதி முடித்துவிடலாம். முதலில் அப்படித்தான் எழுதினேன். தம்பி படித்துவிட்டு, "எங்களுக்கு அப்ப கெடைக்கல, இப்ப எடுத்துக்கிறோம். இதுல என்ன தப்பு தோழர்?" என்றான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். ஏக்கம் என்று நான் பெயரிட்டதில் பாக்கி வசூலும் இருக்கிறது.

மின்கழிவுக்கு 2012 மே முதல் நாட்டில் விதிகள் நடப்பில் உள்ளன. 2022இல் புதிதாக எழுதி 2023 ஏப்ரலில் அமலாக்கினார்கள். பதிவுபெற்ற மறுசுழற்சியாளர், உற்பத்தியாளர் பொறுப்பு என்றெல்லாம் பேசுகிற அந்த விதிகளில் காயலான் கடைக்காரர் சட்டத்துக்குப் புறம்பானவராக மட்டுமே தெரிகிறார். இந்தப் பெட்டியை நசுக்காமல் தனியே எடுத்து வைத்தது அவர்தான்.

கடைசியாக அந்த வெள்ளை எண். தின்னர் துணியும் கையுமாகத் தம்பி உட்கார்ந்திருந்தான். எந்த ஊழியர் எந்த மேசையில் குனிந்து எழுதினாரோ, 7 மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துணியை மடித்து வைத்துவிட்டான். எண்ணைச் சுற்றி டேப் ஒட்டி மற்ற இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தோம். தேமல் படர்ந்த முகப்பையும் மறுபடி வெளுக்கவில்லை. ரிச்சி தெருவிலிருந்து அவன் கொண்டுவந்த பென்டியம் போர்டு போன ஞாயிற்றுக்கிழமை ஓடத் தொடங்கியது. அதன் வேகம் 133. திரையில் இப்போதும் 66 என்றுதான் எரிகிறது. மூன்றிலக்கம் காட்ட அதில் இடமில்லை.