கடைக்குப் பெயர் வைக்குமுன்

புதிதாகத் தொழில் தொடங்கும் நம்மவர்கள் ஜோசியரிடம் எழுத்துக் கணக்குப் பார்ப்பதுண்டு. பார்க்கட்டும், கூடவே மூன்று விஷயங்களையும் பார்க்கவேண்டும்.

முதலாவது, வாங்குகிறவர் காது. மட்டாஞ்சேரியில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி எல்லாம் புழங்குகின்றன. மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய். நம்முடைய மிளகு இங்கே குருமுளகு. ஊர்ப்பாசத்தில் 'பட்டி' என்று முடியும் சொந்த ஊர்ப் பெயரைப் போர்டில் போட்டால் சிரிப்பார்கள். இங்கே பட்டி என்றால் நாய்!

இரண்டாவது, சரக்கின் பெயரையும் தரத்தையும் மட்டும் சொல்லும் பெயர். 'நல்ல மிளகு' என்று வைத்தால், 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி அதைப் பதிவு செய்வது கஷ்டம். பக்கத்துக் கடைக்காரரும் அதையே எழுதலாம்.

மூன்றாவது, பெயர் ஏற்கெனவே பிறருடையதா என்பது. பெங்களூர் ஊதுபத்தி வியாபாரி ஒருவர் 'ஈநாடு' என்று பெயர் வைத்துப் பல வருஷம் விற்றார். கன்னடத்தில் 'இந்த நாடு' என்று பொருள்படும் சாதாரணச் சொல்தானே என்பது அவர் வாதம். ஆனால் 1974 முதல் அதே பெயரில் தெலுங்கு நாளிதழ் வருகிறது. சரக்கு வேறானாலும், 2011-இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகைக்காரர் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். மசாலா சாமானுக்கு 30-ஆம் வகுப்பு. போர்டு எழுதக் கொடுக்குமுன்பே பார்த்துவிடுங்கள்.